மேசை மேல் ஒரு டாங்கி

சென்ற கோடை விடுமுறையில் நம் இல்லம் வந்த தங்கையின் மகன், தன் சேமிப்புப் பணத்தில் வாங்கிய பெட்டி ஒன்றைக் கொணர்ந்தான். உள்ளே சிறுத்தையின் பெயர் தாங்கிய ஜெர்மானிய டாங்கியாகிய 'பாந்தர்', சிறுசிறு பிளாஸ்டிக் துண்டுகளாக, மெல்லிய சட்டங்களில் கொத்துக் கொத்தாய் ஒட்டிக்கொண்டிருந்தது. தங்கைக்குச் சிறிதும் விருப்பமில்லை. "அண்ணா, மனிதரைக் கொல்லும் வண்டிக்கா வீட்டில் இடம்?" என்றாள். கேள்வி நியாயமானதே. ஆயினும் பிள்ளையின் முகம் வாடக் காண மனமின்றிப் பத்து நாட்கள் அவனுடன் அமர்ந்து கைகொடுத்தோம்.

இத்தகைய மாதிரி டாங்கிகளின் கதை ஜப்பானிலுள்ள ஷிசுவோகா நகரைச் சார்ந்தது. 1945 ஜூன் மாதத்தில் விமானக் குண்டுவீச்சில் எரிந்த நகரம் அது. அடுத்த ஆண்டில் அங்கு மர வியாபார நிறுவனமாகத் தோன்றியதே தமியா. பின்னர் மரத்தில் மாதிரிகள் செய்து விற்றது. அமெரிக்கப் பிளாஸ்டிக் மாதிரிகள் சந்தையைப் பிடிக்கவே, தானும் பிளாஸ்டிக்கிற்கு மாறியது. 1960-இல் வெளியிட்ட 'யமாட்டோ' போர்க்கப்பல் நட்டத்தில் முடிந்தது. 1961-இல் வந்த பாந்தர் டாங்கிதான் கைதூக்கி விட்டது. மோட்டாரும் பாட்டரிகளும் வயிற்றுக்குள் அடங்குமாறு அதன் உடலை வகுத்தார்கள். பிறகு கணக்கிட்டால், உண்மை வண்டியில் 35-இல் ஒரு பங்கு என வந்தது. பாட்டரியின் பருமன் நிர்ணயித்த அளவே பின்னர் உலகெங்கும் வழக்காகிவிட்டது! பீரங்கிக் குழாயையும் சேர்த்து 8.66 மீட்டர் நீளமுள்ள பாந்தர், மேசையில் 25 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மனிதன் 5 சென்டிமீட்டர்கூட இரான்.

துண்டுகளைச் சட்டத்திலிருந்து முறிக்கலாகாது. வெட்டுக்குறட்டால் நறுக்கி, தழும்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இதற்குரிய பசை சாதாரணப் பசையன்று. பிளாஸ்டிக்கைக் கரைத்து இரு துண்டுகளை ஒன்றாக்கிவிடும் திரவம் அது; சன்னலைத் திறந்துவைத்தே கையாள வேண்டும். அவசரத்தில் ஈரமான இடத்தில் நாம் கட்டைவிரலை வைத்துவிட, இரும்புக் கவசத்தின்மீது நம் கைரேகை பதிந்துவிட்டது. 35 மடங்கு பெருக்கிப் பார்த்தால் முக்கால் மீட்டர் அகலக் கைரேகை! அதைத் தேய்த்து மறைக்க ஒரு மாலைப்பொழுது சென்றது. சக்கரங்களோ எண்ணி மாளாதவை. அவற்றைப் பற்றிப் பேசாதிருத்தலே நலம்.

வண்ணம் பூசுவதில்தான் சுவை மிகுதி. 1943 பிப்ரவரி முதல் ஜெர்மானிய டாங்கிகளுக்கு அடிவண்ணம் கருமஞ்சள். பச்சையும் செம்பழுப்பும் களிம்பாக டப்பாக்களில் வீரர்களுக்கு அனுப்பப்பட்டன. அவர்கள் அவற்றை நீரிலோ பெட்ரோலிலோ கரைத்துத் தாங்களே தெளித்துக்கொண்டனர். ஆகவே ஒரு வண்டியின் வரிகள் மற்றொன்றின் வரிகளைப் போல் இருப்பதில்லை. இதைச் சொன்னதும் பையனின் அச்சம் நீங்கியது. கைபோன போக்கில் தூரிகையை ஓட்டினான். அடர்த்தியாக ஒருமுறை பூசுவதைவிட மெல்லியதாக இருமுறை பூசுவதே சிறப்பு. உலர்ந்தபின் மிக நீர்த்த கரும்பழுப்பை மேலே ஓடவிட்டால், அது இடுக்குகளில் தங்கி நிழலாகிறது. பின்பு தூரிகையில் வண்ணத்தைப் பெரிதும் துடைத்துவிட்டு விளிம்புகளை இலேசாகத் தடவினால், ஆண்டுக்கணக்கில் உழைத்த இரும்பு போலத் தோன்றும்.

இறுதியாக, கோபுரத்தினின்று தலைநீட்டும் தளபதியின் உருவம் எஞ்சியது. அரிசியளவு முகத்திற்குத் தோல்நிறம் தீட்டியபோது பையன் கேட்டான்: "மாமா, இவர் மட்டுந்தானா?" இல்லை, ஐவர். முன்புறம் ஓட்டுநரும் கம்பியில்லாத் தந்தியாளரும். கோபுரத்தில் தளபதி, சுடுபவர், குண்டு நிரப்புபவர். பெட்டியில் ஒருவரே இருந்தார், உள்ளே வெறுமை.

அருகில் வந்து நின்ற தங்கை, "தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவார்கள்?" என்றாள். வீண் கேள்வியன்று. 1943 ஜூலையில் கூர்ஸ்க் போர்க்களத்திற்கு முதன்முதலாக வந்த ஏறத்தாழ 200 பாந்தர்களில் சில, பகைவரின் குண்டு படாமலே எஞ்சினில் தீப்பற்றி எரிந்தன. பையன் விரலால் தொட்டுக் காட்டினான்: முன்னிருவருக்கும் தலைக்கு மேல் ஆளுக்கொரு மூடி, தளபதிக்கு உச்சியில் ஒன்று, குண்டு நிரப்புபவருக்குக் கோபுரத்தின் பின்சுவரில் வட்டமாய் ஒன்று. சுடுபவருக்கு விரல் சென்று நிற்க இடமில்லை. தளபதி வெளியேறிய பின்னரே அவ்வழியாக அவர் வர வேண்டும்.

தங்கை ஒன்றும் சொல்லவில்லை. டாங்கி இப்போது அவள் வீட்டுப் புத்தக அலமாரியில் இருக்கிறது. பின்சுவரின் வட்ட மூடியை மட்டும் பையன் ஒட்டவில்லை, திறந்தே வைத்திருக்கிறான்.