காம்பராவை அழகாக்குதல்

இரத்தினபுரி, கேகாலை தோட்டங்களில் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் பழைய லயக் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடிதான்; முன்னால் ஓர் இஸ்தோப்பு (விறாந்தை). பிற்காலத்தில் 7 பேர்ச் காணியில் எழுந்த 550 சதுர அடித் தனிவீடுகளும் சிறியவையே. இத்தகைய இடத்தில் அழகு, பொருளைக் குறைப்பதில் தொடங்குகிறது. கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் நான்கு சிறு வீடுகளை ஒன்றாக்கித் தமக்கு இல்லம் அமைத்தார். அங்கே வெள்ளைச் சுவரும் வானம் பார்த்த குட்டி முற்றங்களும் நெருக்கத்தை மறக்கச் செய்கின்றன.

தோட்டத்து வீட்டில் முற்றத்துக்கு இடமில்லை. தகரக் கூரையில் ஒளி புகும் தகடு ஒன்று பதித்தால் நடுப்பகல் வெளிச்சம் உள்ளே இறங்கும். வெளிர் சுண்ணாம்புப் பூச்சு அதைப் பெருக்கும். பகலில் சுருட்டி வைக்கும் பாய், கட்டிலை விட நிறைய இடம் தரும். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரியில் கனத்த திரைச்சீலையும் பஞ்சு மெத்தையும் பூசணம் பிடிக்கும். மூங்கில் தட்டியே பொருத்தம். இஸ்தோப்பில் அந்தூரியம், குரோட்டன் சட்டிகள் போதும்.

விறகடுப்பின் புகை வெளியேறாவிட்டாலும் கூரை ஒழுகினாலும் எந்தச் சுவரும் வெள்ளையாக நிற்காது. ஆகவே புகைபோக்கிக்கும் ஒழுகும் தகரத்துக்கும்தான் முதல் செலவு. காணி உறுதி கையில் இல்லாத குடும்பம் இவற்றில் காசு போடத் தயங்குகிறது. உறுதி வழங்குவதே இங்கு முதல் வீட்டலங்காரம்.