கணுக்காலியும் ஆர்த்ரோபோடாவும்

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. தாராவியில் தமிழ்வழியில் பயிலும் பிள்ளைகள் ஏதேனும் ஒரு கட்டத்தில் ஆங்கில வழிக்கு மாறியாக வேண்டும். பதினோராம் வகுப்பில் அறிவியல் எடுப்போருக்கு வேறு வழியே இல்லை. அப்போது, அதுவரை கற்ற தமிழ்க் கலைச்சொற்கள் இனிப் பயன்படா, எல்லாவற்றையும் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவர்களிடம் பதிந்துவிடுகிறது. ஆங்கில அறிவியற் சொற்களின் அமைப்பை அறியாமையால் எழும் எண்ணம் இது.

அச்சொற்களுள் பெரும்பாலானவை பிறப்பால் ஆங்கிலம் அல்ல; கிரேக்க, இலத்தீன் வேர்களை இணைத்து அறிஞர்கள் ஆக்கியவை. கிரேக்கத்தில் ‘ஆர்த்ரான்’ என்றால் மூட்டு; ‘பொடோஸ்’ என்பது காலைக் குறிக்கும் வடிவம். ஆர்த்ரோபோடாவைத் தமிழ் கணுக்காலி என்கிறது. ‘எக்கினோஸ்’ முள்ளெலி, ‘டெர்மா’ தோல். எக்கைனோடெர்மேட்டா தமிழில் முட்தோலி. ‘ஆம்ஃபி’ இருபுறம், ‘பயோஸ்’ வாழ்வு, ஆம்ஃபிபியா இருவாழ்வி. லண்டனில் பிறந்த பிள்ளைக்கு ஆர்த்ரோபோடா என்ற ஒலி எதையும் காட்டுவதில்லை. கணுக்காலி என்றதும் தாராவிப் பிள்ளைக்கு நண்டின் கால் நினைவுக்கு வருகிறது. பொருளை அப்பிள்ளை முன்பே பெற்றுவிட்டது; இனி அறிய வேண்டியவை இரண்டு வேர்கள் மட்டுமே.

அவ்வேர்கள் ஒரு பாடத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. ‘ஆர்த்ரான்’ தெரிந்தவருக்கு ஆர்த்ரைட்டிஸ் மூட்டழற்சி என்பது விளங்கும். ‘டெர்மா’ தெரிந்தவர், தாராவியை அடுத்த சயான் மருத்துவமனையில் டெர்மட்டாலஜி பிரிவு எதற்கு என்று எவரையும் கேட்க வேண்டியதில்லை. முன்னொட்டுகளோ உயிரோடு தொடர்புடையவை. ‘ஹைப்பர்’ மிகுதியையும் ‘ஹைப்போ’ குறைவையும் குறிக்கும். ஹைப்போகிளைசீமியாவில் இரத்தச் சர்க்கரை குறைகிறது. உடனே சர்க்கரை கொடுத்தால் நோயாளி தெளிவார். ஹைப்பர்கிளைசீமியாவில் அதே சர்க்கரை தீங்கு செய்யும். செவிலியர் படிப்பில் சேரும் மாணவிக்கு இவ்விரு சொற்களும் ஒலி ஒப்புமையால் குழம்பக் கூடாது; மிகை, குறை என்ற தமிழ்ச் சொற்களோடு அவை மனத்தில் பதிய வேண்டும்.

இம்முயற்சிக்கு முன்னோடி உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். சில சொற்களை மொழிபெயர்த்தார். சிலவற்றைத் தமிழ் ஒலிக்கு இசைவித்தார். அவருடைய வேதியியல் நூலின் பெயரே ‘கெமிஸ்தம்’. தமிழா, கிரேக்கமா என்ற பூசல் அவருக்கு எழவில்லை. மாணவருக்குப் பொருள் விளங்க வேண்டும் என்பதே அவர் கவலை.

வேர்கள் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்பதும் உண்மையன்று. ‘ஆட்டம்’ என்பதன் பொருள் பிளக்க முடியாதது, அதைப் பிளந்தாயிற்று. பீடியாட்ரிக்ஸில் உள்ளது குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். பெடலில் உள்ளது காலைக் குறிக்கும் இலத்தீன் வேர். போட்டித் தேர்வு நூல்களில் வருவதுபோல் நூற்றுக்கணக்கான வேர்களை அட்டவணையாக்கிக் கொடுத்தால், அது மற்றொரு மனப்பாடச் சுமையாகவே முடியும்.

வேண்டியது சிறிது. ஒவ்வோர் அறிவியல் பாடத்தின் முடிவிலும் தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல், வேர்ப்பொருள் என மூன்று பத்திகளில் பத்துச் சொற்கள் போதும். அவற்றைத் தொகுப்பது, 1932இல் மாட்டுங்காவில் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் போன்ற அமைப்புகளுக்கும் செம்பூரில் உள்ள தமிழ் ஆசிரியர்களுக்கும் இயலாத செயலன்று. வழி மாறும் பிள்ளை தன் தமிழைப் பள்ளி வாயிலில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே செல்ல வேண்டிய நிலை அதனால் ஓரளவேனும் நீங்கும்.