சுயமாய் நிற்போம்: இணையத்தளம் பராமரித்தலும் ஒரு தொழில்



தையல், கோழி வளர்ப்பு, சிற்றுண்டித் தயாரிப்பு எனப் பல சுயதொழில்களைப் பற்றி இப்பக்கத்தில் பேசியிருக்கிறோம். "மகள் கணினி படித்திருக்கிறாள், தூர இடத்துக்கு வேலைக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்கும் தாய்மார் இப்போது கூடிவருகின்றனர். வீட்டிலிருந்தபடியே இணையத்தளங்களைப் பராமரிக்கும் தொழிலைப் பற்றி இம்மாதம் பார்ப்போம்.

கண்டி வாவியைச் சுற்றியுள்ள மேட்டு வீதிகளில் சிறிய தங்குவிடுதிகள் நிறைய உண்டு. அவற்றுக்கும் தனியார் வகுப்புகளுக்கும் ஆயுர்வேத நிலையங்களுக்கும் இணையத்தளம் இருக்கிறது. தளத்தை அமைத்தவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். பிறகு அதைப் பார்க்க ஆளில்லை. எண்ணெய் விடாத தையல் இயந்திரத்தின் கதி என்னவென்று உங்களுக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான்.

தளத்தின் பெயரைத் தவணை தவறாமல் புதுப்பிக்க வேண்டும். தளம் தங்கியிருக்கும் சேவைக்குக் கட்டணம் கட்ட வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் போன்றவர்கள் தரும் இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் மூன்று மாதத்துக்கு மேல் செல்லாது. அது தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். அது காலாவதியானால் திரையில் எச்சரிக்கை தோன்றும், அறை பதிவு செய்ய வந்தவர் திரும்பிவிடுவார். எசல பெரஹெர காலத்தில் அப்படி நடந்தால் விடுதிக்காரரின் நட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருட்களையும் அவற்றின் துணை நிரல்களையும் புதிய பதிப்புக்கு மாற்றிவர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முழுத் தளத்தின் பிரதியொன்றை வேறோர் இடத்தில் சேமித்துவைக்க வேண்டும்.

பிரதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை எமது நாடே கண்டது. 2023 ஆகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவை, கப்பம் கேட்கும் தீய மென்பொருளால் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. அந்தக் காலப்பகுதிக்குப் பிரதி இருக்கவில்லை. பயன்பாட்டில் இருந்த மென்பொருளோ 2013ஆம் ஆண்டின் பதிப்பு. அரசுக்கே இப்படி என்றால் சிறு விடுதிக்காரருக்குச் சொல்லவும் வேண்டுமா?

"தளம் திறக்கவில்லை" என்று அழைப்பு வந்தால் பதற வேண்டாம். முதலில் வேறொரு கைத்தொலைபேசியில், வேறு இணைப்பில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் கோளாறு பெரும்பாலும் அழைத்தவரின் இணைப்பில்தான். திறக்காவிட்டால் பெயரின் தவணை, சேவைக் கட்டணம், சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாம் சரியென்றால், கடைசியாக எதை மாற்றினோம் என்று குறிப்புப் புத்தகத்தைப் பாருங்கள். அந்த மாற்றத்தை நீக்கினால் பல வேளைகளில் தளம் திரும்பிவிடும். எதில் கைவைக்கு முன்னரும் பிரதி எடுக்க மறவாதீர்கள்.

நான் சந்தித்த ஒரு சகோதரி, 2009இல் கணவரை இழந்து, பிள்ளைகளுடன் கட்டுகஸ்தோட்டையில் உறவினர் வீட்டுக்கு வந்தவர். கணினி பயின்று சில தளங்களைப் பராமரிக்கிறார். 2022இல் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, மின்சாரம் வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் வேலை செய்தார். அவ்வாண்டில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் 360 ரூபா வரை ஏறியதால் சேவைக் கட்டணமும் ஏறியது. அப்போது ஒரு வாடிக்கையாளர், "தளம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, உமக்கு எதற்கு மாதாமாதம் பணம்?" என்று கேட்டு இரண்டு மாதக் கொடுப்பனவை நிறுத்திவிட்டார். கடவுச்சொற்கள் இவர் கையில்தான் இருந்தன. தளத்தை மூடிவிடும்படி சிலர் சொன்னார்கள். இவர் மூடவில்லை. எந்தத் திகதியில் எதைத் திருத்தினார், எப்போது பிரதி எடுத்தார் என்று எழுதிவைத்த புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினார். நிலுவை கிடைத்தது.

சமூகவியல் படித்தவள் என்ற வகையில் இதில் ஒன்றைக் காண்கிறேன். கூட்டிப் பெருக்கிய வீடு யார் கண்ணுக்கும் படுவதில்லை, பெருக்காத வீடுதான் படுகிறது. பராமரிப்பு வேலையும் அத்தகையதே. காணப்படாத உழைப்புக்குக் கூலி கேட்க எமக்குக் கூச்சம். ஆகவே செய்த வேலையை எழுதிவையுங்கள். மாதக் கட்டணம், அவசர அழைப்புக்குரிய கட்டணம், டொலர் ஏறினால் யார் பொறுப்பு என்பவற்றை முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். தளத்தின் பெயர் வாடிக்கையாளரின் பெயரிலேயே பதிவாகட்டும். பிற்காலத்தில் அது பிணக்கைத் தவிர்க்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உதவி நிறுவனங்களின் தளங்களில், உதவி பெற்ற பெண்களின் படமும் பெயரும் ஊரும் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. திட்டம் முடிந்து, பராமரிக்க ஆளின்றிப் போன தளத்தில் யாரும் நுழையலாம். அத்தகைய தளம் உங்கள் பொறுப்பில் வந்தால், அப்பெண்களின் சம்மதம் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவற்றை நீக்கும்படி எடுத்துச் சொல்லுங்கள். கணவனை இழந்தவள் என்ற விபரம் ஊரறிய, உலகறியக் கிடப்பது என்னவென்று எம்மைவிட யாருக்குத் தெரியும்?

ஆர்வமுள்ள பிள்ளைகள் முதலில் ஒரேயொரு தளத்தைப் பொறுப்பேற்று, குறிப்புப் புத்தகத்துடன் ஆரம்பிக்கட்டும். நம்பிக்கை வளர வேலையும் வளரும்.