ஸ்கிராப் என்று தள்ளாதீர்!

நண்பர்களே, ஃபிட்டிங் ஷாப்பில் ராவி ராவி நாம் முடிக்கிற ஜாப், மார்க் போட்டதும் எங்கே போகிறது? ஸ்கிராப் மூட்டைக்கு! நம் மெக்கானிக்கல் மாணவர் ஒருவர் அதையெல்லாம் பற்றவைத்து, தன் தாத்தாவின் கொல்லுப்பட்டறையைச் சிற்பமாக்கி வருகிறார். துருத்தி மட்டும் இன்னும் பாக்கி. "டிப்ளமோ படிக்கிறவனுக்கு இது எதுக்குப்பா?" என்கிறார்கள் சிலர்.

சண்டிகர் நேக் சந்த் யார்? ரோடு இன்ஸ்பெக்டர்! நகரம் கட்ட இடித்த கிராமங்களின் கழிவு, உடைந்த வளையல், பீங்கான்... சைக்கிளில் பொறுக்கி வந்து, காட்டுக்குள் ரகசியமாகச் செய்தார். அதுதான் 1976-ல் திறக்கப்பட்ட ராக் கார்டன். இல்லாமல் போன ஊர்களின் ஞாபகம் அங்கேதான் நிற்கிறது.

ஹாக்ஸா பிளேடு உடைந்தால் ஃபைன் கட்டுகிறோமே, அந்தத் துண்டாவது நமக்குச் சொந்தமில்லையா? ஏலக்காரர் லாரி வருமுன் யூனியன் பிரின்சிபாலிடம் கேட்கட்டும்: ஒரு மூட்டை ஸ்கிராப்பும், சனிக்கிழமை மதியம் வெல்டிங் ஷாப் சாவியும்!