விற்பவருக்குப் பங்கு, பறிப்பவளுக்கு அரைப்பேரா?

வியாபார வளர்ச்சியை முன்னின்று நடத்த மூத்த விற்பனைத் தலைவர் தேவை என்று வணிக நிறுவனங்கள் பத்திரிகைகளில் விளம்பரம் செய்கின்றன. தேயிலை வணிகமும் இதற்கு விலக்கன்று. உயர்ந்த சம்பளம், வாகனம், அதற்கும் மேலாக விற்பனை பெருகப் பெருக ஒரு பங்கு. இத்தகையவர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கொழும்பு ஏலத்தில் மொத்தமாகப் போகும் தேயிலையைவிடப் பெயரிட்டுப் பொதி செய்த தேயிலை கூடுதல் விலை பெறும். அதனை விற்பதும் ஒரு திறமையே. நாம் கேட்பது ஒன்றுதான்: வளர்ச்சியில் பங்கு என்னும் நீதி ஏன் மலையேறி வர மறுக்கிறது?

மலையகத்துக்கு ஆள்சேர்ப்பு புதிதன்று. தமிழகத்திலிருந்து ஆள் திரட்டி வந்த பெரிய கங்காணிக்கு, வேலைக்கு இறங்கியோரின் எண்ணிக்கைப்படி தலைக்காசு கிடைத்தது. திரட்டப்பட்டவனுக்குக் கிடைத்ததோ கடன் எழுதிய ‘துண்டு’. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. மேலே நிற்பவருக்குப் பங்கு, உழைப்பவருக்குக் கூலி என்ற ஏற்பாட்டை எந்தச் சட்டமும் ஒழிக்கவில்லை.

வட்டவளையைப் பாருங்கள். இலங்கையில் மழை மிகுந்த இடங்களுள் ஒன்று. அங்கே நனைந்த கூடையோடும் அட்டைக்கடியோடும் கொழுந்து பறிக்கிறாள் நம் சகோதரி. அவளுடைய ஊர்ப்பெயரே இன்று நாடெங்கும் விற்கும் தேயிலைப் பொட்டலத்தின் பெயர். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 2017இல் வட்டவளை பிளாண்டேஷன்ஸ் தன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை ஹட்டன் பிளாண்டேஷன்ஸ் எனத் தனிக் கம்பனியாகப் பிரித்தது. பெயர் ஓரிடத்தில், தோட்டம் வேறிடத்தில்! பெயருக்குக்கூட விலை உண்டு; அப்பெயருக்கு மணம் தந்த கைகளுக்கு?

நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர்தான். 2021இல் நாட்கூலி 1000 ரூபாய் என்று நிர்ணயித்ததும் கம்பனிகள் நீதிமன்றம் ஏறின. 2024இல் 1700 என்று வர்த்தமானி அறிவித்தபோதும் வழக்கு. அவ்வாண்டிலேயே அடிப்படைக் கூலி 1350இல் வந்து நின்றது.

“உற்பத்தித் திறன் உயரட்டும், பிறகு பேசலாம்” என்கிறார்கள். கொழுந்தின் அளவை விரல்கள் மட்டுமா தீர்மானிக்கின்றன? முதிர்ந்த செடியை அகற்றி மறுநடுகை செய்வதும் உரமிடுவதும் நிர்வாகத்தின் கடமை. 2021இல் அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. அவ்வாண்டு சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடியாக வீழ்ந்தது. இது எந்தத் தொழிலாளியின் சோம்பல்?

சந்தை சரிந்தாலும் விற்பனைத் தலைவரின் அடிப்படைச் சம்பளம் பாதியாவதில்லை. சந்தை உயர்ந்தால் அவருக்குப் பங்கும் உண்டு. பறிப்பவளுக்கோ கொழுந்து குறைந்தால் பாதிக் கூலி. விலை உயர்ந்தால் பங்கில்லை. இதுதானா வளர்ச்சி?

குறையாத நாட்கூலி வேண்டும். அதற்கு மேல் விற்பனை வருவாயில் பங்கு வேண்டும். அப்பங்கைச் சரிபார்க்கக் கணக்குப் புத்தகங்கள் தொழிற்சங்கங்களுக்குத் திறக்கப்பட வேண்டும். விற்பனைத் தலைவரின் நியமனக் கடிதத்தில் எழுதத் தகுந்த விதி, கொழுந்துக்காரியின் சம்பளச் சீட்டிலும் எழுதத் தகுந்ததே. ஆசிரியர்களும் மாணவர்களும் இந்தக் கணக்கை வகுப்பறைக் கரும்பலகையில் போட்டுப் பார்க்கட்டும். விடை தெரிந்த தலைமுறையை ஏமாற்றுவது எளிதன்று.