மெஷினைத் திட்டறதுக்கு முன்னாடி ட்யூப்ல எழுதின பேரைப் பாருங்க

நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு வந்து உக்காந்து படிங்க.

முதல்லயே சொல்லிடறேன். நான் அரசு மருத்துவர், எம்பிபிஎஸ். நடத்தை விதிப்படி கட்சி அரசியல் பேசக்கூடாது, பேசவும் போறதில்லை. யாருக்கு ஓட்டுப் போடணும்னு இதுல ஒரு வரி கூட இருக்காது. கணக்கும் நடைமுறையும் மட்டும்தான். அதனால கமெண்ட்ல "நீங்க எந்தக் கட்சி டாக்டர்?"னு கேட்டா பதில் வராது.

டிசம்பர் 18 விஜயமங்கலத்துல விஜய் கூட்டம் நடந்ததுல இருந்து எங்க ட்யூட்டி ரூம்ல ரெண்டே கேள்விதான் ஓடுது. ஒண்ணு, வெளியில இருந்து வர்ற ஆள் யாரோட ஓட்டைப் பிரிப்பார்? ரெண்டு, முடிவு ரொம்ப நெருக்கமா வந்து தோத்தவங்க ஒத்துக்கலைன்னா என்ன ஆகும்? ரெண்டுக்கும் உதாரணம் மட்டும் அமெரிக்காவுல இருந்து வந்துரும். "டிரம்ப் வரலையா?" "புளோரிடாவுல நடக்கலையா?" காந்திபுரத்துல இருந்து ஒரு மணி நேரத்துல போற தூரத்துல இதைவிட நல்ல உதாரணம் இருக்குங்க. அதை யாரும் எடுக்கறதில்லை.

டிரம்ப்பை முதல்ல முடிச்சிடுவோம். 2016-ல ஜெயிக்கறதுக்கு முன்னாடி அவர் எந்த அரசுப் பதவியிலும் இருந்ததில்லை, ராணுவத்திலும் இருந்ததில்லை. அப்படி ஜனாதிபதி ஆன முதல் ஆள் அவர்தான். அந்த வகையில வெளியாள். ஆனா அவர் தனிக்கட்சி ஆரம்பிக்கலை. குடியரசுக் கட்சியோட உள்தேர்தல்ல நின்னு, அந்தக் கட்சியையே கைப்பற்றி, அதோட சின்னத்துல வந்தார். நம்ம ஊர்ல அந்தக் கதவே கிடையாது. இங்க எந்தக் கட்சியிலயும் வேட்பாளரை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கறதில்லை. அதனால வெளியாள் வரணும்னா கடையைப் புதுசாத்தான் திறக்கணும். இவரை அவரோட ஒப்பிடறது, சர்க்கரை நோயாளிக்கு தைராய்டு மாத்திரை கொடுக்கற மாதிரி.

ஒப்பிடணும்னா ராஸ் பெரோவை எடுங்க. 1992-ல சுயேச்சையா நின்ன தொழிலதிபர். நாடு முழுக்க 18.9% ஓட்டு வாங்கினார். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கற தேர்வாளர்கள்ல அவருக்குக் கிடைச்சது பூஜ்யம். ஏன்னா அங்க கிட்டத்தட்ட எல்லா மாநிலத்திலயும் முதல்ல வந்தவருக்கே அந்த மாநிலம் மொத்தமும். நாடு முழுக்கப் பரவலா கிடைக்கற ஓட்டு எங்கயும் முதல் இடம் வாங்கித் தராது.

இங்க அதே வியாதி 2006-ல விஜயகாந்துக்கு வந்துச்சு. தேமுதிக 8.4% வாங்கி ஒரே ஒரு சீட், விருத்தாசலத்துல அவரே. 2011-ல கூட்டணியோட நின்னப்ப சதவீதம் 7.9. கொஞ்சம் குறைஞ்சிருக்கு, பாருங்க. சீட்டு 29! ஓட்டு அதேதான், அது விழுந்த இடம்தான் மாறுச்சு. கொங்கு மண்டலத்திலயும் இது நடந்திருக்கு. 2009 மக்களவைத் தேர்தல்ல கொங்குநாடு முன்னேற்றக் கழகம் கோவையில ஒரு லட்சத்துக்கு மேல வாங்குச்சு. எம்பி ஆனது மார்க்சிஸ்ட் கட்சியோட பி.ஆர்.நடராஜன்.

சரி, கோவை தெற்குக்கு வர்றேன். 2021. இதை நிதானமா பார்க்கணும்.

கமல் பரமக்குடிக்காரர், வாழ்றது சென்னை. நம்ம ஊரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருந்துச்சு. 2019-ல அவரோட கட்சி கோவை மக்களவைத் தொகுதியில 1.4 லட்சத்துக்கு மேல வாங்கியிருந்துச்சு. கோவை தெற்குல நின்னார். எண்ணிக்கை அன்னிக்கு நாள் முழுக்க அவர் முன்னாடி இருக்கார்னுதான் டிவியில ஓடிட்டு இருந்துச்சு. கடைசிச் சுற்றுகள்ல மாறுச்சு. வானதி சீனிவாசன் 53,209. கமல் 51,481. காங்கிரஸ் மயூரா ஜெயக்குமார் 42,383. வித்தியாசம் 1,728.

அன்னிக்கு ராத்திரியே "கமல் ஓட்டைப் பிரிச்சு பிஜேபியை ஜெயிக்க வெச்சுட்டார்"னு பேச்சு ஆரம்பிச்சது. இன்னும் நிக்கலை. ஆனா பட்டியலை ஒரு தடவை பாருங்க. ரெண்டாவது வந்தது யாரு? கமல். மூணாவது யாரு? காங்கிரஸ். அப்ப கணக்குப்படி யார் யாரோட ஓட்டைப் பிரிச்சாங்க? கமல் ஆதரவாளர் ஒருத்தர் "காங்கிரஸ்தான் எங்க ஓட்டைப் பிரிச்சது"ன்னு சொன்னா அதே அளவுக்கு நியாயம் இருக்கு. ரெண்டுமே அரைகுறை நியாயம்தான்.

ஓட்டு யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் இல்லைங்க. ராமநாதபுரத்துல கடை வெச்சிருக்கற ஒருத்தர் கமலுக்குப் போட்டார்னா, கமல் நிக்கலைன்னா அவர் காங்கிரசுக்குத்தான் போட்டிருப்பார்னு என்ன நிச்சயம்? நோட்டா போட்டிருக்கலாம், வானதிக்கே போட்டிருக்கலாம், வீட்டுல படுத்துத் தூங்கியிருக்கலாம். வானதியே 2016-ல இதே தொகுதியில நின்னு மூணாவது வந்தவர். அஞ்சு வருஷம் அங்கயே சுத்தினார், 2021-ல முதல் இடம். இதை யாரும் கணக்குல சேர்க்கறதில்லை. "பிரிச்சுட்டார்"ங்கற ஒரே வார்த்தையில அவ்வளவு உழைப்பும் மறைஞ்சு போகுது.

2000-ல புளோரிடாவுலயும் இதே பேச்சுதான். புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் வித்தியாசம் 537. மூணாவது ஆள் ரால்ஃப் நேடர் அங்க வாங்கினது 97 ஆயிரத்துக்கு மேல. "நேடர் கெடுத்தார்"னு இருபத்தஞ்சு வருஷமா சொல்றாங்க. அந்த 97 ஆயிரம் பேர்கிட்ட யாரும் உருப்படியா ஓட்டுக் கேட்கலைங்கறதும் உண்மைதானே?

வெளியாள்கள் கூட்டமா வந்தா என்ன ஆகும்? அதுக்கும் நம்ம பக்கத்துலதான் உலக உதாரணம். மொடக்குறிச்சி, 1996. கோரிக்கைகளை யாரும் காதுல போட்டுக்கலைன்னு விவசாயிகள் வரிசையா போய் மனு தாக்கல் பண்ணிட்டாங்க. மொத்த வேட்பாளர்கள் 1,033. ஓட்டுச்சீட்டைப் புத்தகமா அச்சடிக்க வேண்டி வந்துச்சு. தேர்தலையே ஒரு மாசம் தள்ளி வெச்சாங்க. ஜெயிச்சது திமுகவோட சுப்புலட்சுமி ஜெகதீசன். 88 பேருக்கு ஒரு ஓட்டு கூட இல்லை, அதாவது அவங்களே அவங்களுக்குப் போட்டுக்கலை! எனக்கு அந்த 88 பேரை ரொம்பப் பிடிக்கும். ஜெயிக்கறதுக்காக அவங்க நிக்கவே இல்லையே.

அரசு எப்படி வைத்தியம் பார்த்துச்சு தெரியுமா? அந்த வருஷமே சட்டத்தைத் திருத்தி சட்டமன்ற டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கிட்டாங்க. இப்ப 10,000. காய்ச்சலுக்குக் காரணம் தேடாம பாராசிட்டமால் டோஸை ஏத்தின மாதிரி.

அதே மொடக்குறிச்சியில 2021-ல என்ன நடந்துச்சு? அதே சுப்புலட்சுமி ஜெகதீசன், எதிர்ல பிஜேபி சார்பா டாக்டர் சரஸ்வதி. வித்தியாசம் 281. அதே வருஷம் சென்னை தியாகராய நகர்ல 137. ஒரு பெரிய கல்யாண மண்டபத்துல ரெண்டாவது பந்தியில உக்காரற கூட்டம் அவ்வளவுதான்.

இந்த மாதிரி நெருக்கத்துல தோத்தவர் ஒத்துக்கலைன்னா? அங்க தான் அமெரிக்காவுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம். புளோரிடாவுல நவம்பர் 7 ஓட்டுப்பதிவு, டிசம்பர் 12 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தீர்ப்பு சரியா தப்பான்னு இன்னும் சண்டை போடறாங்க, ஆனா முடிவு ஒரு மாசத்துல வந்துருச்சு. நம்ம சட்டத்துல முடிவு அறிவிக்கறதுக்கு முன்னாடி மறு எண்ணிக்கை கேட்கலாம், தேர்தல் அதிகாரிகிட்ட எழுத்துல கேட்கணும். அறிவிச்சாச்சுன்னா 45 நாளைக்குள்ள உயர் நீதிமன்றத்துல தேர்தல் வழக்கு. ஆறு மாசத்துல முடிக்க முயற்சி பண்ணணும்னு சட்டமே சொல்லுது.

நடைமுறையைப் பார்க்க ராதாபுரம் போகணும். 2016. அதிமுக இன்பதுரை, திமுக அப்பாவு, வித்தியாசம் 49 ஓட்டு. அப்பாவு வழக்குப் போட்டார். பிரச்சனை மெஷின் இல்லைங்க, தபால் ஓட்டு. 203 தபால் ஓட்டை நிராகரிச்சிருந்தாங்க. உறுதிமொழிப் படிவத்துல சான்றொப்பம் போட்டது நடுநிலைப்பள்ளித் தலைமை ஆசிரியர், அவருக்கு அந்தத் தகுதி இல்லைன்னு காரணம். தகுதி இருக்குன்னு உயர் நீதிமன்றம் சொல்லி, மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது 2019 அக்டோபர்ல. எண்ணியும் முடிச்சாங்க. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டுருச்சு. 2021-ல அந்தச் சட்டமன்றத்தோட காலமே முடிஞ்சு போச்சு. அடுத்த தேர்தல்ல அப்பாவு ஜெயிச்சு சபாநாயகரே ஆனார். அது வேற கதை. அந்த அஞ்சு வருஷம் ராதாபுரத்துக்காரங்களுக்கு யார் உண்மையான எம்எல்ஏ?

எனக்கு இந்த வழக்கு மேல தனி அக்கறை உண்டு. 2021 தேர்தலப்ப எங்க ஓபி வாசல்ல நர்ஸ்களும் பார்மசிஸ்ட்களும் 13ஏ படிவத்தோட வரிசையா நிப்பாங்க. "டாக்டர், ஒரு கையெழுத்துங்க." நாங்க கெசட்டட் ஆச்சே. ஊசி போட வந்த கூட்டத்துக்கு நடுவுல, பச்சை மைப் பேனாவுல போட்டுக் கொடுப்போம். அந்தக் கையெழுத்தோ சீலோ விட்டுப்போனா உள் உறையைப் பிரிக்காமலே ஓட்டு குப்பைதான். 203 பேரோட ஓட்டு அப்படித்தான் அஞ்சு வருஷம் கோர்ட்டுல தொங்குச்சு. (இப்ப தேர்தல் பணியில இருக்கறவங்களுக்கு வசதி மையத்திலயே ஓட்டு வாங்கிடறாங்க, நல்ல மாற்றம்.)

நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். லேப்ல வேலை பார்க்கறவங்களைக் கேளுங்க. ரிப்போர்ட் தப்பா வந்தா நோயாளி திட்டறது மெஷினை. ஆனா லேப் தப்புகள்ல பெரும்பகுதி மெஷினுக்குள்ள நடக்கறதில்லை. அதுக்கு முன்னாடியே நடந்துருது. ட்யூப்ல பேர் மாத்தி எழுதறது, தப்பான ட்யூப்ல ரத்தம் எடுக்கறது, சாம்பிளை வெயில்ல வெச்சுடறது. தேர்தலும் அதேதான். எல்லாரும் ஈவிஎம்மை முறைச்சுப் பார்க்கறாங்க. மெஷினைச் சோதிக்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. தொகுதிக்கு அஞ்சு பூத்ல விவிபாட் சீட்டை எண்ணிப் பார்க்கறாங்க. 2024 ஏப்ரல் தீர்ப்புக்கு அப்புறம் ரெண்டாவது, மூணாவது வந்தவங்க ஏழு நாளைக்குள்ள கேட்டா 5% மெஷின்களைச் சரிபார்க்கவும் வழி இருக்கு. ட்யூப்ல எழுதின பேரைச் சரிபார்க்கத்தான் ஆள் இல்லை. அந்தப் பேர் எதுன்னா, வாக்காளர் பட்டியல்.

2024-ல கோவையில அண்ணாமலை ஒரு லட்சம் பேர் பட்டியல்ல இல்லைன்னார். கணபதி ராஜ்குமார் ஜெயிச்ச வித்தியாசம் 1,18,068. அவர் சொன்ன எண்ணிக்கையை அப்படியே ஏத்துக்கிட்டு, அத்தனை பேரும் அவருக்கே போட்டிருப்பாங்கன்னு வெச்சாலும் முடிவு மாறாது. இது கணக்கு. ஆனா காலையில ஏழு மணிக்கே பூத்துக்குப் போய், பேர் இல்லைன்னு திரும்பி வந்த மனுஷனுக்கு இந்தக் கணக்கு என்ன ஆறுதல்? முடிவு மாறலைங்கறதால அந்தத் தப்பு தப்பில்லாமப் போயிடாது. இதையே 281 வித்தியாசம் இருக்கற தொகுதியில யோசிச்சுப் பாருங்க.

தீவிரத் திருத்தத்தோட கணக்கெடுப்பு முடிஞ்சு 2025 டிசம்பர் 19 வரைவுப் பட்டியல் வந்துச்சு. மாநிலத்துல சுமார் 97 லட்சம் பேர் நீக்கம். கோவை மாவட்டத்துல மட்டும் ஆறரை லட்சம் போல. இதுல செத்துப் போனவங்க மாநில அளவுல 27 லட்சத்துக்குப் பக்கம். அது சரியான வேலை, செத்தவங்க பேர் பட்டியல்ல இருக்கக்கூடாது. எனக்குக் கவலை, இடம் மாறினவங்க, வீட்டுல இல்லாதவங்கன்னு நீக்கின 66 லட்சத்துக்கு மேல இருக்கறவங்கதான். கோவையில வாடகை வீட்டுக்காரர் எத்தனை பேர்! மில்லு, பவுண்டரி, பனியன் கம்பெனின்னு ஷிப்ட் போறவங்க எத்தனை பேர்! பிஎல்ஓ வர்ற நேரத்துல வாரம் மூணு நாள் டயாலிசிஸ் வார்டுல படுத்திருக்கறவங்க எந்தக் கணக்கு? போன வாரம் ஒரு அம்மா, மருந்துச் சீட்டை வாங்கிக்கிட்டே, "ஏனுங்க டாக்டரு, எம்பேரு இல்லீங்களாம், நான் உசுரோடதான இருக்கறனுங்க"ன்னாங்க. சிரிச்சுட்டுத்தான் சொன்னாங்க.

வெளியாள் விஷயமும் இங்கதான் வந்து சேருது. 2024-ல தமிழ்நாட்டுல 68 ஆயிரத்துக்கு மேல வாக்குச்சாவடி. பழைய கட்சிகளுக்கு ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆள் உண்டு. எந்த வீட்டுல யார் செத்தாங்க, யார் திருப்பூருக்குக் குடி போனாங்கன்னு தெரிஞ்ச ஆள். காலையில மாதிரி ஓட்டுப்பதிவுக்கு வந்து உக்காருவார், சாயங்காலம் 17சி படிவத்தோட நகலை வாங்கி சட்டைப் பையில மடிச்சு வெச்சுக்குவார். அந்தச் சாவடியில மொத்தம் எத்தனை ஓட்டுப் பதிவாச்சுன்னு அதுலதான் இருக்கும். எண்ணும்போது நம்பர் இடிச்சா அந்தத் துண்டுச்சீட்டுதான் ஆதாரம்.

புதுக் கட்சிக்குக் கூட்டம் வரும், ரசிகர் வருவாங்க. அந்த மடிச்ச காகிதம் வருமா? கோபிச்செட்டிபாளையம் செங்கோட்டையன் நவம்பர்ல அந்தப் பக்கம் போனது ஏன் பெரிய செய்தின்னு இப்பப் புரியும். 1977-ல இருந்து தேர்தல் பார்க்கறவர். மேடையில அவர் என்ன பேசறார்ங்கறது எனக்கு முக்கியமில்லை. எத்தனை சாவடிக்கு ஆள் போடறார்ங்கறதைத்தான் நான் பார்ப்பேன்.

என்னோட யூகம் ஒண்ணு சொல்றேன், தப்பாப் போனா மே மாசம் வந்து கிண்டல் பண்ணுங்க. மும்முனையோ நாலுமுனையோ போட்டி வந்தா கொங்குல நிறைய தொகுதியில வித்தியாசம் ரெண்டாயிரத்துக்குக் கீழ வரும். தோத்தவங்க பாதிப் பேர் "ஓட்டைப் பிரிச்சுட்டாங்க"ன்னும் மீதிப் பேர் "மெஷின்"னும் சொல்வாங்க. 17சி நகலைக் கையில வெச்சுக்கிட்டு 45 நாளைக்குள்ள வழக்குப் போடறவங்களை விரல்ல எண்ணிடலாம்.

உங்க பேரு, வீட்டுல இருக்கற பெரியவங்க பேரு, பக்கத்து வீட்டு வாடகைக்காரர் பேரு, மூணையும் வாக்காளர் பட்டியல்ல தேடிப் பாருங்க. இல்லைன்னா படிவம் 6 கொடுங்க. எங்க வார்டுல ஒரு ஸ்டாப் நர்ஸ் அட்டெண்டர்களோட வாக்காளர் அட்டை நம்பரை வாங்கி, ராத்திரி ட்யூட்டியில போன்ல ஒவ்வொண்ணா தேடிக் கொடுத்துட்டு இருக்காங்க. நேத்து வரைக்கும் நாலு பேர் பேர் இல்லை. அதுல ஒருத்தர் எங்க செக்யூரிட்டி அண்ணன்.

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. இன்னிக்கு நைட் ட்யூட்டி, காலையில பதில் போடறேன்.