உங்கள் விபரம், அவர்கள் வியாபாரம்

புதிதாக கம்ப்யூட்டரோ, ஸ்மார்ட் போனோ வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "வைரஸ் வந்துவிடுமா?" என்பதுதான். அடுத்து, "இந்த சாப்ட்வேர் இலவசம்தானே?" என்பார்கள். மூன்றாவதாகக் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. "இலவசமாகத் தருகிறாரே, இதை எழுதியவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?" இந்தக் கேள்வியைக் கேட்காததால் என்ன ஆகும் என்பதை நான் ஒரு மெசேஜ் மூலம் தெரிந்து கொண்டேன்.

2021ஆம் ஆண்டில் ஒரு நாள் காலை என் போனுக்கு ஒரு படம் வந்தது. எங்கள் வீட்டு போர் மோட்டாரைப் பழுது பார்க்கும் எலக்ட்ரீஷியனின் படம். அதன் கீழே "இவர் திருடன், பணத்தை ஏமாற்றிவிட்டார்" என்று எழுதியிருந்தது. ஆலங்குடிப் பக்கத்துக்காரர். எத்தனையோ வீடுகளில் சாவியை இவரிடம் கொடுத்துவிட்டு வயலுக்குப் போவார்கள். அப்படிப்பட்டவர். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. அவசரத்திற்கு ஒரு கடன் ஆப்பில் 5,000 ரூபாய் கேட்டிருக்கிறார். கட்டணம் என்று பிடித்தது போக மூவாயிரத்துச் சொச்சம்தான் கைக்கு வந்தது. ஏழே நாளில் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். எட்டாவது நாள் அவருடைய போனில் இருந்த அத்தனை எண்களுக்கும் இந்தப் படம் போய்விட்டது.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "கடன் வாங்கினது நான். உங்களை எதுக்கு சார் கேக்குறாங்க?"

எப்படி நடக்கிறது?

ஆண்ட்ராய்ட் போனில் ஒரு ஆப்பினை இன்ஸ்டால் செய்து திறந்தவுடன், "உங்கள் தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கவா?" என்று ஒரு சிறிய கட்டம் வரும். அனுமதி கொடுத்தால், போனில் சேமித்துள்ள பெயர்களையும் எண்களையும் அந்த ஆப் படிக்க முடியும். படித்ததைத் தன் கம்பெனியின் சர்வருக்கு அனுப்பவும் முடியும். இதற்குச் சில நொடிகள் போதும். பின்னர் நீங்கள் அந்த ஆப்பினை நீக்கினாலும், போன பட்டியல் போனதுதான்.

கடன் கொடுப்பவருக்கு இந்தப் பட்டியல் எதற்கு? இதுதான் அடமானம். நகையை அடகு வைத்தால் நகையை வைத்துக் கொள்வார்கள். இங்கே உங்கள் மானத்தை வைத்துக் கொள்கிறார்கள். கொடுமை என்னவென்றால், ஒருவர் அடகு வைக்கும் அந்தப் பட்டியலில் 500 பேர் இருந்தால், அந்த 500 பேரும் எதிலும் கையெழுத்துப் போட்டவர்கள் அல்ல. நானும் போடவில்லை. என் எண்ணைக் கொடுக்கும் உரிமை அவருக்கும் இல்லை. எடுக்கும் உரிமை அந்தக் கம்பெனிக்கும் இல்லை.

இது ஏதோ ஓரிருவருக்கு நடந்தது என எண்ண வேண்டாம். ரிசர்வ் வங்கி 2021 ஜனவரியில் அமைத்த குழு ஒன்று, இந்தியர்களுக்குக் கிடைக்கும் ஆண்ட்ராய்ட் ஆப் ஸ்டோர்களைத் தேடிப் பார்த்தது. சுமார் 1,100 கடன் ஆப்கள் கிடைத்தன. அவற்றில் ஏறத்தாழ 600 சட்டத்திற்குப் புறம்பானவை என்று அதன் அறிக்கை சொன்னது. அதே மாதத்தில் சென்னை போலீசார் இத்தகைய கடன் ஆப் வழக்கு ஒன்றில், பெங்களூருவில் சீனர்கள் இருவர் உள்படச் சிலரைக் கைது செய்தனர். பணம் வசூலிக்க அங்கு கால் சென்டரே நடந்து வந்தது. மிரட்டலுக்குப் பயந்து உயிரை மாய்த்துக் கொண்டவர்களின் செய்திகளும் பல மாநிலங்களிலிருந்து வந்தன.

எழுதியவர் யார்?

எல்லாரும் கம்பெனி முதலாளியைத் திட்டுகிறோம். போனில் மிரட்டியவனைத் திட்டுகிறோம். சரிதான். ஆனால் இந்த இருவருக்கும் நடுவில் இன்னொருவர் இருக்கிறார். "தொடர்புப் பட்டியலைப் படி, சர்வருக்கு அனுப்பு" என்று அந்த ஆப்பில் ஒரு பகுதி இருக்கிறதல்லவா? அது தானாக முளைத்ததல்ல. ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்து ஒருவர் அதை டைப் செய்தார். சோதித்துப் பார்த்தார். சரியாக வேலை செய்கிறது என்று சான்று கொடுத்தார். மாதக் கடைசியில் சம்பளம் வாங்கினார். கடன் கொடுக்கும் வேலைக்கு அடுத்தவர் எண்கள் தேவையில்லை என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

இது கடன் ஆப்களோடு தோன்றியதும் அல்ல. 2005ஆம் ஆண்டில் சோனி பிஎம்ஜி நிறுவனம் விற்ற சில பாட்டு சிடிக்களை கம்ப்யூட்டரில் போட்டால், ஒரு புரோகிராம் தன்னை ஒளித்துக் கொண்டு பதிந்துவிடும். காப்பி எடுப்பதைத் தடுக்கத்தான் என்றார்கள். மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர் தன் கம்ப்யூட்டரில் அதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். மற்ற வைரஸ்களும் ஒளிந்து கொள்ள அது இடம் தந்ததும் தெரிய வந்தது. எதிர்ப்பு எழுந்த பின்னர் நிறுவனம் அந்த சிடிக்களைத் திரும்பப் பெற்றது. காசு கொடுத்துப் பாட்டு வாங்கியவரின் வீட்டிற்குள்ளேயே, அவருக்குத் தெரியாமல் ஆளை ஒளித்து வைத்தது போன்ற வேலை இது. பெரிய நிறுவனம் என்றால் செய்யாது என்ற நம்பிக்கைக்கு இடமில்லை.

மொய் நோட்டு சொல்லும் பாடம்

"கிராமத்தில் என்ன சார் ரகசியம்? எல்லாருக்கும் எல்லாம் தெரியும்" என்று சிலர் சொல்கிறார்கள். நம் மாவட்டத்திலிருந்தே இதற்குப் பதில் சொல்லலாம்.

கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பகுதிகளில் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து களை கட்டும். கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். வாங்கிய தொகையோடு கொஞ்சம் சேர்த்து, அவரவர் விருந்தின்போது திருப்பிச் செய்ய வேண்டும். வங்கிக்குப் போகாமல் மகள் கல்யாணத்தையும், கடை வைப்பதையும், போர் போடுவதையும் நடத்திய குடும்பங்கள் உண்டு. எல்லாவற்றிற்கும் ஆதாரம் ஒரே ஒரு நோட்டு. யார், எந்த ஊர், எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். விருந்து முடிந்ததும் அந்த நோட்டு வீட்டுக்குப் போய்விடும். பீரோவில் நகையோடு இருக்கும்.

இப்போது சில விருந்துகளில் கம்ப்யூட்டரில் மொய் பதிந்து, ரசீதும் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். நல்ல வளர்ச்சிதான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒரு சீசன் முடியும்போது அந்த கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வரவு செலவு இருக்கும். யாரிடம் பணம் புரள்கிறது, யார் யாருக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். பைனான்ஸ் கம்பெனிக்காரர்கள் இதற்கு நல்ல விலை தருவார்கள். விற்பவர் தப்ப முடியுமா? முடியாது. மறுநாள் அதே கடைவீதி வழியாகத்தான் அவர் போயாக வேண்டும். டீக்கடையில் யாராவது ஒருவர், "எங்க வீட்டுக் கணக்கை எதுக்குப்பா வித்தே?" என்று முகத்துக்கு நேரே கேட்பார்.

கடன் ஆப்பினை எழுதியவருக்கு அந்த டீக்கடை இல்லை. அவர் எழுதியதால் பாதிக்கப்பட்டவரை அவர் பார்க்கவே போவதில்லை. டெக்னாலஜியில் நெறி என்று நான் சொல்வது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. பயன்படுத்துபவர் பக்கத்துத் தெருவில் இருந்தால் எதைச் செய்யக் கூசுவோமோ, அதை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கும் செய்யாதிருப்பது. அவ்வளவுதான்.

"அனுமதி கொடுத்தது நீங்கள்தானே?"

நிறுவனங்கள் இதைத்தான் சொல்கின்றன. ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் தேடுபவர் முன் ஒரு கட்டத்தைக் காட்டி, "அனுமதி தராவிட்டால் கடன் இல்லை" என்றால், அவர் தருவதற்குப் பெயர் அனுமதி அல்ல. அடமானம் இல்லாமல் கடன் தருபவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது நியாயமான வாதம்தான். அதற்கு வருமானத்தைப் பார்க்கலாம், பழைய கடன் கணக்கைப் பார்க்கலாம். அத்தை மகனின் போன் நம்பர் எதற்கு?

சட்டமும் இப்போது இந்தப் பக்கம் வந்திருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரு மனதாகத் தீர்ப்பளித்தனர். கடன் ஆப்கள் தொடர்புப் பட்டியல், அழைப்பு விபரம், போனில் உள்ள பைல்கள் ஆகியவற்றைத் தொடக்கூடாது என ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி செய்தது. கூகுள் நிறுவனமும் 2023 மே 31 முதல், கடன் ஆப்கள் தொடர்புகளையும் படங்களையும் பார்ப்பதற்குத் தடை விதித்தது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓர் உதாரணமே உள்ளது. டாக்டர் ஆலோசனை தரும் ஆப் ஒன்று தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது; பயனாளர் சம்மதிக்கிறார். ஆனாலும் ஆலோசனைக்கு அந்தப் பட்டியல் தேவையில்லாததால், அந்தச் சம்மதம் பட்டியலுக்குச் செல்லாது என்கிறது சட்டம். இந்தச் சட்டத்தை மீறினால், மீறலின் தன்மையைப் பொறுத்து 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழியுண்டு. இதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசமும் தரப்பட்டது. இந்த அவகாசம் கம்பெனிகளுக்குத்தான்; போன பட்டியலுக்கு அவகாசம் ஏது?

நீங்கள் செய்ய வேண்டியது

கம்ப்யூட்டரில் இலவச சாப்ட்வேர் இன்ஸ்டால் செய்திடுகையில் "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று கிளிக் செய்து கொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு திரையையும் படியுங்கள். கேட்காத டூல்பார் எதற்கேனும் டிக் போடப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

போனில் செட்டிங்ஸ் சென்று, பிரைவசி என்ற பிரிவில் பெர்மிஷன் மேனேஜரைத் திறந்து பாருங்கள். எந்தெந்த ஆப் உங்கள் தொடர்புகளைப் பார்க்கிறது என்ற பட்டியல் கிடைக்கும். டார்ச் லைட் ஆப்பிற்கும், காலண்டர் ஆப்பிற்கும் உங்கள் சொந்தக்காரர்களின் எண்கள் எதற்கு? நீக்கிவிடுங்கள்.

மிரட்டல் வந்தால் மறைக்காதீர்கள். மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருங்கள். 1930 என்ற எண்ணில் சைபர் கிரைம் உதவியை அழைக்கலாம். உங்களுக்கு இப்படி யாரைப் பற்றியாவது படம் வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பினால் அந்தக் கம்பெனிக்குச் சம்பளமில்லாத ஆளாக நீங்கள் வேலை பார்க்கிறீர்கள் என்று பொருள்.

கடைசியாக ஒன்று. நம் மாவட்டத்தில் பிள்ளையை இன்ஜினியரிங் படிக்க வைத்து, சென்னைக்கும் பெங்களூருவுக்கும் சாப்ட்வேர் வேலைக்கு அனுப்பாத ஊர் அநேகமாக இல்லை. தீபாவளிக்கு வரும் பிள்ளையிடம் "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்கிறோம். அதோடு, "நீ எழுதுற புரோகிராமை நம்ம வீட்டு போன்ல போடலாமாப்பா?" என்றும் கேட்டுப் பாருங்கள். உடனே "போடலாம்" என்று சொன்னால் மகிழ்ச்சி. தயங்கினால், அந்த வேலையைப் பற்றி அவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எங்கள் எலக்ட்ரீஷியன் கடனை அடைத்துவிட்டார். ஆனால் சில வீடுகளில் இன்னும் அவரிடம் சாவி கொடுப்பதில்லை.